கண் போவது வயதாலா, சாதியாலா?

"வயசானா கண்ணு மங்கத்தான் செய்யும்" என்கிறார்கள். இந்தப் பேச்சு யாருக்கு வசதி, தோழர்களே?

ஒன்றிய அரசு 2015-19இல் நடத்திய தேசியப் பார்வையிழப்புக் கணக்கெடுப்பின்படி, 50 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் 1.99 சதவீதம் பேர் பார்வையற்றவர்கள். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினருக்குக் காரணம் கண்புரை. சின்ன அறுவை சிகிச்சையில் லென்ஸ் வைத்தால் தீர்ந்துபோகும் நோய். அரசு மருத்துவமனையில் இலவசம். பிறகு ஏன் இத்தனை பேர் இருட்டில் இருக்கிறார்கள்?

அதே கணக்கெடுப்பு இன்னொன்றும் சொல்கிறது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களில் 3.23 சதவீதம் பேருக்குப் பார்வையில்லை. பத்தாம் வகுப்பும் அதற்கு மேலும் படித்தவர்களில் 0.43 சதவீதம்தான். ஏழு மடங்கு வித்தியாசம்! புரை ஆள் பார்த்து வருவதில்லை. சிகிச்சைதான் ஆள் பார்த்துப் போகிறது.

இன்று கிழவர்களாக இருப்பவர்களில் அன்று பள்ளிக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள் யார்? பண்ணையில் மாடு மேய்க்க அனுப்பப்பட்டவர்கள் யார்? படிக்காதவர்கள் எல்லோரும் நம் மக்கள் அல்லதான். ஆனால் 'படிக்காதவர்' என்ற அந்தக் கட்டத்துக்குள் சாதி ஒளிந்திருக்கிறது.

சிகிச்சை இலவசம் என்றாலும், பாட்டியைக் கூட்டிப்போகிறவரின் ஒருநாள் கூலியை யார் தருவது? முகாமை ஊருக்குள் நடத்தினால் சேரிக்குச் சேதி சொல்வது யார்?

பார்வையிழப்பைச் சாதிவாரியாக எண்ணி வெளியிடு! முகாமைச் சேரியிலேயே நடத்து! துணைக்கு வருபவருக்குக் கூலி கொடு!

மாணவத் தோழர்களே, அரசு எண்ணும்வரை காத்திருக்க வேண்டாம். உங்கள் தெருவில் வீடு வீடாகப் போய்க் கணக்கெடுங்கள். அந்தப் பட்டியலோடு ஆட்சியர் அலுவலகத்துக்குப் போவோம்.