பழைய காருக்கு மட்டும் ஏன் இந்தச் சலுகை?

பாதுகாப்புக் குறைபாட்டுக்காகத் திரும்ப அழைக்கப்பட்ட புதிய காரைச் சரிசெய்யாமல் விற்க அமெரிக்கச் சட்டம் அனுமதிப்பதில்லை. பெரிய வாடகைக் கார் நிறுவனங்களுக்கும் 2016 முதல் இதே கட்டுப்பாடு உண்டு. பழைய கார் வியாபாரிக்கு மட்டும் கூட்டாட்சிச் சட்டத்தில் அப்படியொரு தடை இல்லை. இந்த ஓட்டையை அடைத்தே ஆக வேண்டும். டகாட்டா நிறுவனத்தின் ஏர்பேக் விவகாரமே அதற்குச் சாட்சி. பையை ஊதவைக்கும் அம்மோனியம் நைட்ரேட், ஆண்டுக்கணக்கில் வெப்பமும் ஈரமும் பட்டுச் சீர்கெடுகிறது. மோதலின்போது அது அளவுமீறி வெடித்தால் உலோக உறை சிதறும். உயிர்காக்க வேண்டிய பையே முகத்திலும் கழுத்திலும் சில்லுகளைப் பாய்ச்சும். கார் பழசாகப் பழசாக ஆபத்து கூடுகிறது. 2023 மே மாதத்தில், 2000 முதல் 2006 வரையிலான மாடல்களில் சுமார் 90,000 பிஎம்டபிள்யூ கார்களை ஓட்டவே வேண்டாம் என்று எச்சரிக்க வேண்டியிருந்தது.

கார் திரும்ப அழைக்கப்பட்டதா என்று, வாங்குபவரே அதன் 17 இலக்க அடையாள எண்ணை இணையத்தில் தட்டிப் பார்க்கலாமே என்பார்கள். அதே எண்ணை வியாபாரியும் ஒரு நிமிடத்தில் பார்க்கலாம். பார்க்கும் கடமையை, அதை வைத்துத் தொழில் செய்பவரிடம் ஒப்படைப்பதுதான் நியாயம். உதிரிபாகம் வரும்வரை கார் முடங்கினால் நட்டம் என்ற வாதத்தில் உண்மை உண்டு. அந்த நட்டத்தைத் தவறு செய்த தயாரிப்பாளர் ஈடுகட்டட்டும். விவரமறியாமல் பக்கத்து இருக்கையில் அமர்பவர் தலையில் அதைக் கட்டக்கூடாது.