கூரைமேல் ஏசி: மாற்றும் முன்னும், மாற்றும்போதும்

2023 ஜூன் கடைசியில் தொடங்கி, அரிசோனா மாநிலத்தின் ஃபீனிக்ஸ் நகரில் தொடர்ந்து 31 நாட்கள் பகல் வெப்பம் 110 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டது அல்லது தாண்டியது. செல்சியஸில் அது 43 டிகிரிக்கு மேல். ஃபீனிக்ஸ் அடங்கிய மாரிகோப்பா கவுண்டியில் அந்த ஆண்டு வெப்பத்தோடு தொடர்புடைய மரணங்கள் 645. வீட்டுக்குள்ளேயே, ஏசி ஓடாத அறையில் இறந்தவர்களும் அவர்களில் உண்டு. அமெரிக்கர்கள் ஆர்.வி. என்று சொல்லும் வீட்டு வண்டியை, நம்மூர்ப் படப்பிடிப்புத் தளங்களில் நிற்கும் கேரவன் போன்ற அந்த வண்டியை, விடுமுறைக்கு மட்டும் எடுப்பவர்கள் உண்டு. வாடகை கொடுத்து மாளாமல் அதையே நிரந்தர வீடாக்கிக்கொண்டவர்களும் உண்டு. வண்டியின் சுவர் மெல்லியது, கூரை வெயிலை நேராக வாங்குகிறது. கோடையில் உள்ளே இருப்பவரைக் காப்பது கூரைமேல் உட்கார்ந்திருக்கும் அந்த ஏசி பெட்டி ஒன்றுதான்.

அது குளிரவில்லை என்றதும் வரும் முதல் யோசனை, புதிதாக ஒன்று வாங்கு என்பது. இரண்டாவது யோசனை, வாங்குவதை இன்னும் பெரிதாக வாங்கு. இரண்டையும் கேட்பதற்கு முன் பெட்டி எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. ஆயிரம் டாலருக்கு மேல் செலவு வைக்கும் வேலை இது. செலவழித்த பிறகும் வண்டி சூடாகவே இருந்தால், காரணம் பெட்டிக்கு வெளியே இருந்திருக்கும்.

வீட்டு ஸ்பிளிட் ஏசியில் இரண்டாகப் பிரிந்திருக்கும் பாகங்கள் இதில் ஒரே பெட்டிக்குள் அடங்கிவிடுகின்றன. கம்ப்ரஸர், வெப்பத்தை வெளியே தள்ளும் காயில், உள்காற்றைக் குளிர்விக்கும் காயில், இரண்டு பக்கமும் தண்டு நீண்ட ஒரே மோட்டாரில் இரண்டு விசிறிகள். குளிர்வாயு ஆலையிலேயே நிரப்பப்பட்டு, குழாய்கள் பற்றவைத்து மூடப்படுகின்றன. பெரும்பாலான மாடல்களில் மறுபடி வாயு ஏற்றுவதற்கான வால்வு கிடையாது. ஆகவே வாயு கசிந்துபோனாலோ கம்ப்ரஸர் இறந்துபோனாலோ, பழுது பார்க்க ஆகும் செலவு புதுப் பெட்டியின் விலையை நெருங்கிவிடும். அப்போது மாற்றுவதே சரி.

ஆனால் அந்த இரண்டு கோளாறுகளையும் தவிர மற்ற எல்லாவற்றையும் தனியாகச் சரிசெய்யலாம். கம்ப்ரஸர் உறுமிவிட்டுத் தொடங்காமல் பிரேக்கரைத் தட்டிவிடுகிறது என்றால், முதலில் சந்தேகப்பட வேண்டியது கேபாசிட்டரை. சில பத்து டாலருக்குக் கிடைக்கும் பொருள் அது. மின்சாரத்தைத் துண்டித்த பின்பும் அதில் மின்னேற்றம் தங்கியிருக்கும். முறையாக வெளியேற்றத் தெரியாதவர்கள் அதைத் தொடவே கூடாது. வெளிக் காயிலின் தகடுகள் வளைந்து, தூசியும் பூச்சிக் கூடும் அடைத்திருக்கலாம். உள் ஃபில்டர் கழுவாமல் கிடந்து, காற்றோட்டம் குறைந்து, காயிலில் பனி படிந்திருக்கலாம். இந்தக் காரணங்களுக்காக ஒரு நல்ல கம்ப்ரஸர் குப்பைக்குப் போவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

பெட்டி நன்றாக இருக்கிறதா என்று அறிய எளிய வழி ஒன்று உண்டு. அரை மணி நேரம் ஓடவிட்டு, காற்று உள்ளே இழுக்கப்படும் இடத்தில் ஒரு தெர்மாமீட்டரும், குளிர்காற்று வெளிவரும் துவாரங்களில் பெட்டிக்கு மிக அருகில் இருப்பதில் இன்னொன்றும் வைத்துப் பாருங்கள். இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 16 முதல் 22 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 9 முதல் 12 டிகிரி செல்சியஸ் வித்தியாசம் இருந்தால் பெட்டி தன் வேலையைச் செய்கிறது. ஈரப்பதம் அதிகமான ஃபுளோரிடா போன்ற இடங்களில் வித்தியாசம் சற்றுக் குறையும், ஏனென்றால் காற்றிலுள்ள ஈரத்தை நீராக்குவதிலும் திறனில் ஒரு பங்கு செலவாகிறது.

இந்த 20 டிகிரிக் கணக்கைத் தவறாகப் புரிந்துகொண்டவர்கள் ஏராளம். வெளியே 110 என்றால் உள்ளே 90-க்குக் கீழே வராது, ஆர்.வி. ஏசியின் எல்லையே அதுதான் என்று அனுபவசாலிகள்கூடச் சொல்வார்கள். அது சரியல்ல. அந்த வித்தியாசம் வெளிக்காற்றுக்கும் உள்காற்றுக்கும் இடையிலானது அன்று; காயிலுக்குள் நுழையும் காற்றுக்கும் அதைவிட்டு வெளியேறும் காற்றுக்கும் இடையிலானது. குளிர்ந்த காற்றே அறையைச் சுற்றிவிட்டுத் திரும்ப வந்து மறுபடி குளிர்கிறது. அறை எந்த வெப்பநிலையில் நிற்கும் என்பதை முடிவு செய்வது, ஏசி வெளியேற்றும் வெப்பமும் சுவர், கண்ணாடி, கூரை வழியே புகும் வெப்பமும் எங்கே சமமாகின்றன என்பதுதான். தெர்மாமீட்டர் 20 டிகிரி வித்தியாசம் காட்டியும் வண்டி சூடாக இருந்தால் பெட்டியை விட்டுவிடுங்கள். கூரைத் துவாரங்களுக்கு மெத்தை மூடி, கண்ணாடிக்கு வெயில் தடுப்பு, நிழலில் நிறுத்த ஓர் இடம் என்று அந்தப் பணத்தைச் செலவழியுங்கள்.

பெரிது வாங்கும் ஆசையைப் பற்றி இங்கேயே சொல்லிவிடலாம். சந்தையில் பரவலாக இருப்பவை மணிக்கு 13,500 பி.டி.யூ., 15,000 பி.டி.யூ. என்ற இரண்டு அளவுகள். நம் கணக்கில் முறையே 1.1 டன், 1.25 டன். வித்தியாசம் 11 சதவீதம்தான். காற்று வழியில் ஓட்டை இருக்கும் வண்டியில் அந்தக் கூடுதல் குளிர்ச்சி ஓட்டையோடு போய்விடும்.

சரி, சோதித்துப் பார்த்தாயிற்று, கம்ப்ரஸர் போய்விட்டது, மாற்றித்தான் ஆக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். இங்கே அமெரிக்க ஆர்.வி. தொழில் செய்திருக்கும் ஒரு நல்ல காரியத்தைப் பாராட்ட வேண்டும். கூரையில் வெட்டப்படும் துளை 14 அங்குலத்துக்கு 14 அங்குலம் என்ற சதுரம். டொமெடிக் ஆனாலும் கோல்மேன்-மாக் ஆனாலும் இதே துளையில் உட்காரும். ஆகவே நிறுவனம் மாற்றுவதில் துளை தடையில்லை. தடை வருவது தெர்மோஸ்டாட்டில். ஒரு நிறுவனத்தின் சுவர்த் தெர்மோஸ்டாட் அனுப்பும் சைகையை இன்னொரு நிறுவனத்தின் கட்டுப்பாட்டுப் பலகை புரிந்துகொள்ளாமல் போகலாம். பெட்டியோடு தெர்மோஸ்டாட்டையும் மாற்ற வேண்டுமா, இணைப்புப் பலகை கிடைக்குமா என்பதை வாங்குவதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும். பெட்டியின் உயரத்தையும் பாருங்கள்; பழையதைவிட இரண்டு அங்குலம் உயர்ந்தால் வண்டியின் மொத்த உயரமும் அவ்வளவு உயரும், பாலத்துக்கு அடியில் போகும்போது அந்தக் கணக்கு வேண்டும்.

வேலையைத் தொடங்குமுன் வெளி மின் இணைப்பு, ஜெனரேட்டர், இன்வெர்ட்டர் மூன்றையும் நிறுத்த வேண்டும். பிரேக்கரை மட்டும் அணைத்துவிட்டுக் கம்பியைத் தொடுவது ஆபத்து. பிறகு உள்ளிருந்து உட்கூரை மூடியைக் கழற்றினால் நான்கு நீண்ட போல்ட்டுகள் தெரியும். பெட்டியை வண்டியோடு பிடித்திருப்பவை அவை மட்டும்தான். கீழே உள்ள சட்டமும் மேலே உள்ள பெட்டியும் நடுவில் கூரையை வைத்து இறுக்கிக்கொள்கின்றன. 35 முதல் 45 கிலோ எடை, மணிக்கு 65 மைல் வேகத்தில், அந்தப் பிடியில்தான் பயணம் செய்கிறது.

அதனால்தான் பழைய பெட்டியைத் தூக்கிய அந்த நிமிடத்தில் அவசரப்படக் கூடாது என்கிறேன். துளையின் விளிம்பு மரத்தைச் சுற்றிலும் ஸ்க்ரூடிரைவர் முனையால் அழுத்திப் பார்க்க வேண்டும். மரம் கறுத்திருக்கிறதா, மெத்தென்று உள்வாங்குகிறதா? வருடக்கணக்கில் சொட்டுச் சொட்டாக இறங்கிய நீர் ஒட்டுப்பலகையை உளுக்க வைத்திருந்தால், அதன்மேல் எவ்வளவு நல்ல ஏசியை வைத்தாலும் பிடி நிற்காது. மரத்தை மாற்றிவிட்டுத்தான் மேலே போக வேண்டும். இதற்கு ஒரு நாள் கூடுதலாக ஆகும் என்று மெக்கானிக் சொன்னால், அவர் நல்ல மெக்கானிக்.

அடுத்தது கேஸ்கட். துளையைச் சுற்றிப் பெட்டிக்கும் கூரைக்கும் நடுவே உட்காரும் ஃபோம் வளையம் அது. பிரஷர் குக்கரின் ரப்பர் வளையம் போலத்தான் இதுவும், அழுத்தத்தில் நசுங்கி இடைவெளியை அடைப்பதே இதன் வேலை. ஒருமுறை நசுங்கித் தட்டையானது மறுபடி நசுங்காது. ஆகவே பழைய கேஸ்கட்டைத் திரும்பப் பயன்படுத்தவே கூடாது. புதியது பாதியளவுக்கு, ஏறத்தாழ அரை அங்குலத்துக்கு, நான்கு மூலையிலும் சமமாக நசுங்கும்வரை போல்ட்டுகளை மாற்றி மாற்றி இறுக்க வேண்டும். எவ்வளவு முறுக்க வேண்டும் என்ற அளவு பெட்டியோடு வரும் கையேட்டில் இருக்கும். அது பலரும் நினைப்பதைவிட மிகக் குறைந்த முறுக்கு. கையில் பலம் இருக்கிறதென்று இறுக்கினால் கேஸ்கட் தட்டையாகி, கூரையும் வளைந்து, நடுவில் குழி விழுந்து, மழைநீர் அங்கேயே தேங்கும்.

சந்தேகத்துக்குக் கொஞ்சம் சீலன்ட் பூசிவிடலாமே என்று தோன்றும். வேண்டாம். குளிர்காயிலில் உருவாகும் நீர், பெட்டியின் அடித்தட்டிலிருந்து கூரைமேல் வடிந்து ஓடும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. சுற்றிலும் பசை போட்டால் அந்த வழி அடைபடலாம். அடுத்த முறை கழற்றும்போது கூரையின் ரப்பர் படலமும் சேர்ந்து கிழியும். இன்னொன்று, புதுப் பெட்டியைக் கூரைமேல் இழுத்துக்கொண்டு போய்த் துளைமேல் நகர்த்தக் கூடாது. கேஸ்கட் மடங்கிவிடும். இரண்டு பேர் தூக்கி, மேலிருந்து நேராக இறக்க வேண்டும். பிளாஸ்டிக் மூடியைப் பிடித்துத் தூக்கவும் கூடாது.

இந்த வேலை முழுவதிலும் நான் முக்கியமாகக் கருதுவது, யாரும் புகைப்படம் எடுக்காத ஓர் இடம். 14 அங்குலத் துளைக்குள் இரண்டு காற்று ஓட்டங்கள் அருகருகே நடக்கின்றன. அறையின் சூடான காற்று மேலே போகிறது, குளிர்ந்த காற்று கீழே வருகிறது. நடுவில் ஒரு மெல்லிய தடுப்பு. அந்தத் தடுப்பில் ஒரு விரல் அளவு இடைவெளி இருந்தாலும், குளிர்காற்று அறைக்கு வராமல் குறுக்கு வழியில் மறுபடி பெட்டிக்குள்ளேயே இழுக்கப்படும். விளைவுகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். ஏற்கெனவே குளிர்ந்த காற்று திரும்பத் திரும்ப வருவதால் காயிலில் பனி பிடிக்கும். காற்று திரும்பும் இடத்தில் உணரி இருந்தால், அறை குளிர்ந்துவிட்டது என்று நம்பி அது கம்ப்ரஸரை நிறுத்திவிடும். உள்ளே இருப்பவர் வியர்த்துக்கொண்டு, ஏசி பழுது என்பார். கூரைக்குள் டக்ட் ஓடும் வண்டிகளில் இன்னொரு கசிவும் உண்டு: துளையின் ஓரத்துக்கும் டக்டின் வாய்க்கும் நடுவே விடப்பட்ட சந்து வழியே குளிர்காற்று உட்கூரைக்குள் போய்த் தங்கிவிடுகிறது. பெட்டியைக் கழற்றியிருக்கும்போது அலுமினிய ஃபாயில் டேப்பால் இந்த விளிம்புகள் ஒவ்வொன்றையும் மூடுவது சில மணி நேர வேலை. துணி டேப் வெயில் சூட்டில் உரிந்துவிடும். ஃபாயில் டேப்தான் நிற்கும். ஒட்டுமுன் மரத்தூளைத் துடைக்க வேண்டும். 15,000 பி.டி.யூ.வுக்குக் கூடுதல் பணம் கொடுப்பதைவிட இந்தச் சில மணி நேரத்துக்குக் கூலி கொடுப்பது லாபம் என்பது என் உறுதியான கருத்து.

மின்சாரம் பற்றியும் கொஞ்சம். அமெரிக்கக் கேம்ப் மைதானங்களில் 30 ஆம்பியர் இணைப்பு 120 வோல்ட்டில் 3,600 வாட் தரும். ஒரு ஏசி ஓடும்போது அதில் ஏறத்தாழ பாதியை எடுத்துக்கொள்ளும். மைக்ரோவேவையும் சுடுநீர்க் கொதிகலனையும் கூடவே போட்டால் பிரேக்கர் விழும். அதைவிட மோசமானது வோல்டேஜ் இறக்கம். மைதானம் நிரம்பி, எல்லா வண்டியிலும் ஏசி ஓடும் மாலை நேரத்தில் மின்னழுத்தம் 105-க்குக் கீழே போவதுண்டு. அப்போது கம்ப்ரஸர் மோட்டார் திணறி, அதிக மின்னோட்டம் இழுத்து, சுருள் சூடாகி, ஆயுள் குறைகிறது. பழைய பெட்டி ஏன் செத்தது என்று கேட்காமல் புதியதை ஏற்றுபவர்கள், இதே காரணத்தால் அதையும் இழக்கக்கூடும். மின்னழுத்தம் ஏறத்தாழ 104 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் இணைப்பைத் தானாகத் துண்டிக்கும் காப்புக் கருவிகள் கிடைக்கின்றன. ஏசியின் விலையில் ஒரு பகுதிதான் அதன் விலை. சிறிய ஜெனரேட்டரில் ஓட்ட விரும்புகிறவர்கள் சாஃப்ட் ஸ்டார்ட் கருவி ஒன்றைச் சேர்க்கலாம். கம்ப்ரஸர் தொடங்கும் கணத்தில் இழுக்கும் பெரிய மின்னோட்டத்தை அது தணிக்கிறது. அணைத்த ஏசியை உடனே திரும்பப் போடாமல் மூன்று நிமிடமாவது விடவும் வேண்டும், உள்ளே வாயுவின் அழுத்தம் சமமாக அவ்வளவு நேரம் ஆகும்.

வேலை முடிந்ததும் மெக்கானிக்கை உடனே அனுப்பிவிட வேண்டாம். கூரைமேல் பெட்டியைச் சுற்றிக் குழாய்நீர் ஊற்றி, உள்ளே துளை விளிம்பைக் கையால் தடவிப் பாருங்கள். அரை மணி ஓட்டி அதே இரண்டு தெர்மாமீட்டர்களையும் வைத்துப் பாருங்கள், எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த கோடையில் ஒப்பிட அந்த எண் வேண்டும். சில வாரம் சாலையில் ஓடிய பிறகு நான்கு போல்ட்டுகளையும் மறுபடி ஒருமுறை சோதிக்க வேண்டும். கேஸ்கட் அமர்ந்து பிடி சற்றுத் தளர்ந்திருக்கும். கழற்றிய பழைய பெட்டியைக் குப்பை மேட்டில் போட்டுக் குழாயை உடைப்பது அமெரிக்கச் சட்டப்படி குற்றம். அதிலுள்ள வாயுவைச் சான்றிதழ் பெற்ற தொழில்நுட்பர்தான் உறிஞ்சி எடுக்க வேண்டும். புதியது வாங்கும் கடையிலேயே பழையதை எடுத்துக்கொள்வார்களா என்று முதலிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.