ஒரே பெயர், பல இடங்கள்

உலக வரைபடத்தில் ‘விக்டோரியா’ என்னும் பெயரைப் பல கண்டங்களில் காணலாம். ஆப்பிரிக்காவின் மிகப் பெரிய ஏரி, சாம்பியாவுக்கும் சிம்பாப்வேக்கும் இடையே பாயும் அருவி, ஆஸ்திரேலியாவின் ஒரு மாநிலம், சீசெல்ஸ் நாட்டின் தலைநகரம் ஆகிய யாவும் அப்பெயரையே தாங்கியுள்ளன. கோலாலம்பூரில் 1893ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ஒரு பள்ளிக்கும் அதே பெயர்தான். லாபுவான் தீவின் தலைநகரும் முன்பு அவ்வாறே அழைக்கப்பட்டது.

இவை எல்லாம் 1837 முதல் 1901 வரை பிரிட்டனை ஆண்ட விக்டோரியா அரசியாரைச் சிறப்பிக்கச் சூட்டப்பட்ட பெயர்கள். ஆனால், அவர் இவற்றுள் ஒன்றைக்கூட நேரில் கண்டதில்லை.

பெயர் சூட்டுவது தவறன்று. எனினும், முன்பே இருந்த பெயரை மறைத்துவிட்டு வேறொன்றைச் சூட்டுவது முறையா? 1855இல் அந்த அருவியைக் கண்ட டேவிட் லிவிங்ஸ்டன், அதற்குத் தம் நாட்டு அரசியாரின் பெயரை வைத்தார். அங்கு வாழ்ந்த மக்களோ அதனை ‘மோசி ஓவா துன்யா’ என்று அழைத்து வந்தனர். ‘இடியென முழங்கும் புகை’ என்பது அதன் பொருள். நீர் விழும் ஓசையும் புகைபோல் எழும் சாரலும் அப்பெயரில் அடங்கியுள்ளன. ‘விக்டோரியா’ என்ற பெயரோ அருவியைப் பற்றி எதுவும் உணர்த்துவதில்லை.

அப்படியானால், விக்டோரியா என்னும் பெயரை எங்கும் நீக்கிவிட வேண்டும் என்று சிலர் வாதிடலாம். அதுவும் பொருத்தமன்று. அப்பெயர் கொண்ட பள்ளியில் படித்த பல தலைமுறையினருக்கு அது தங்கள் இளமைக்கால நினைவுகளோடு கலந்துவிட்ட பெயர். மேலும், காலனித்துவ ஆட்சி எவ்வளவு தொலைவு பரவியிருந்தது என்பதற்கு அப்பெயரே சான்றாகும்.

இரு பெயர்களையும் சேர்த்து வழங்குவதே நல்ல வழி. 1989இல் யுனெஸ்கோ அவ்வருவியை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது, ‘மோசி ஓவா துன்யா / விக்டோரியா அருவி’ என்றே பதிவு செய்தது. இரண்டு பெயர்கள் இருந்தால் குழப்பம் ஏற்படும் என்பது வலுவான காரணமன்று. வீட்டில் ஒரு பெயரும் பள்ளியில் ஒரு பெயருமாக அழைக்கப்படும் பிள்ளைகள் பலர் உள்ளனர். அதனால் யாரும் குழம்புவதில்லை.

தம் பெயரைப் பிறர் விருப்பம்போல் மாற்றினால் எவருக்கும் மனம் வருந்தும். ஊருக்கும் ஆற்றுக்கும் பெயரிட்டு வாழ்ந்த மக்களின் மனமும் அத்தகையதே. ஆகவே, ஓர் இடத்தின் பெயரைப் படிக்கும் மாணவர், அதை யார் வைத்தார், அதற்கு முன் என்ன பெயர் இருந்தது என்றும் வினவ வேண்டும். மறைந்த பெயர்கள் மீண்டும் ஒலிக்க அதுவே முதற்படி.