கழுத்துல தொங்குற கட்டை



தை பிறக்கப் போகுது. இனி எங்க பக்கம் கேமராவோட வர்ற ஆட்களுக்குக் குறைச்சல் இருக்காது. கொசவபட்டி, புகையிலைப்பட்டி, தவசிமடைன்னு ஜல்லிக்கட்டுக்கு வருவாங்க. 18 கொண்டை ஊசி வளைவும் ஏறி சிறுமலைக்குப் போவாங்க. ஆத்தூர் காமராஜர் அணையில பறவை தேடுவாங்க. திண்டுக்கல் மலைக்கோட்டை மேல நின்னு ஊரைப் படம் பிடிப்பாங்க. போற வழியில தோட்டம், கிணறு, மாடுன்னு எங்களையும் எடுப்பாங்க. வரட்டும், சந்தோஷம்தான்.

எந்தக் கேமரா வாங்கறது, எந்த லென்ஸ் நல்லதுன்னு சொல்றதுக்கு ஆயிரம் பேர் இருக்காங்க. வாங்கினதைச் சுமந்துக்கிட்டு நாள் முழுக்க எப்படி நடக்கறதுன்னு சொல்றவங்க கம்மி. நான் பள்ளிக்கூடப் படிப்போட நின்னவன். வெள்ளாமையைப் படம் எடுத்து வைக்க ஒரு பழைய கேமரா இருக்கு, அவ்வளவுதான் நம்ம தகுதி. ஆனா சுமை தூக்கறது எங்க பொழப்பு. அந்த உரிமையில ஒண்ணு சொல்றேன்: கேமராவைக் கழுத்துல தொங்கவிடறதை விட்டுருங்க.

வேலி தாண்டி அடுத்தவன் வெள்ளாமையில வாய் வைக்கிற மாடு இருந்தா நாங்க என்ன செய்வோம் தெரியுமா? அது கழுத்துல ஒரு கட்டையைக் கட்டித் தொங்கவிடுவோம். மெதுவா மேஞ்சா ஒண்ணும் பண்ணாது. ஓட ஆரம்பிச்சா கட்டை ஆடி முன்னங்கால் முட்டியில அடிக்கும். மாடு தானா நின்னுரும். கழுத்துல கனம் தொங்கினா ஒரு உசுரு நினைச்சபடி நடக்க முடியாதுங்கறது எங்க தாத்தா காலத்துலயே தெரிஞ்ச சங்கதி. கேமரா வாங்கினா பெட்டிக்குள்ள ஒரு வார் இலவசமா வருது, கம்பெனி பேரைக் கொட்டை எழுத்துல போட்டு. அதை மாலை மாதிரி மாட்டிக்கிட்டு, நெஞ்சுல கேமரா இடிக்க இடிக்க வரப்புல நடந்து வர்ற தம்பிகளைப் பாக்கறப்ப எனக்கு அந்த மாட்டு ஞாபகம்தான் வருது. கோவிச்சுக்காதீங்க.

எங்க ஊர்ல யார் எதை எங்க வச்சுச் சுமக்கறாங்கன்னு பாருங்க. புல்லுக்கட்டு தலையில, அதுக்குக் கீழ சும்மாடு. தண்ணிக் குடம் இடுப்புல. பிள்ளையும் இடுப்புல. மண்வெட்டி தோள்ல. தென்னை ஏறுறவர் அரிவாளை இடுப்புக்குப் பின்னால சொருகிக்குவார். மருந்தடிக்கிற டேங்க் முதுகுல. அதுல 16 லிட்டர் பிடிக்கும், அப்ப தண்ணி மட்டுமே 16 கிலோ. ரெண்டு தோள்லயும் வார் போட்டு, முதுகோட ஒட்டிக் கிடக்கறதால ஒரு ஆள் காலையில ஆரம்பிச்சு மத்தியானம் வரைக்கும் அடிக்க முடியுது. கழுத்துல யாரும் எதையும் சுமக்கறதில்ல. தாலிக்கயிறும் துண்டும்தான் அங்க கிடக்கும்.

கேமரா என்ன பெரிய கனமான்னு கேப்பீங்க. பாடி மட்டும் 600, 700 கிராம் வரும். 70-200 லென்ஸ்ல பெரிய ரகம் ஒன்றரைக் கிலோ பக்கம். பறவைக்காரங்க வச்சிருக்கற 150-600 லென்ஸ் சுமார் ரெண்டு கிலோ. சேத்துப் பாத்தா ரெண்டு, ரெண்டரைக் கிலோ. கையில வாங்கினா ஒண்ணும் தெரியாது. ஒல்லியான வார்ல கட்டி, குனிஞ்சு நிமுந்து, விடிகாலையில இருந்து உச்சி வெயில் வரைக்கும் பிடரியில தொங்கவிட்டுப் பாருங்க. சாயங்காலம் தலைவலிக்கு மாத்திரை தேடுவீங்க.

இந்தக் கழுத்து வார் எப்படி வழக்கமாச்சுன்னு எனக்கு ஒரு எண்ணம் உண்டு. 1858-ல லின்னேயஸ் டிரைப்னு ஒரு ஆங்கிலேய ராணுவ அதிகாரி, சென்னை மாகாண அரசுக்காக மதுரை மீனாட்சியம்மன் கோயிலையும் திருமலை நாயக்கர் மகாலையும் படம் எடுத்தார். அவரோட சாமான் சட்டெல்லாம் மாட்டு வண்டியில வந்துச்சு. கனத்தை மாடு சுமந்துச்சு. 1925-ல லைக்கா கேமரா விற்பனைக்கு வந்த பிறகு அந்தப் பெட்டி கையகலமாச் சுருங்கிருச்சு. பிரான்ஸ்காரர் ஹென்றி கார்ட்டியே-பிரெஸ்ஸான் 1950 ஏப்ரல்ல திருவண்ணாமலையில ரமண மகரிஷியோட கடைசி நாட்களைப் படம் எடுத்தாரே, அவர் கையில இருந்ததும் அந்தச் சின்ன லைக்காதான். அந்த அளவுக்குக் கழுத்து வார் தாங்கும். அப்புறம் லென்ஸ் மறுபடி வளந்துருச்சு, வார் மட்டும் அதே இடத்துலயே நின்னுபோச்சு. காட்டுயிர்ப் படங்களுக்குப் பேர்போன நம்ம மா. கிருஷ்ணன் (1912-1996), பல கேமராக்களோட பாகங்களைச் சேத்துத் தானே ஒரு கேமரா உருவாக்கி அதுக்கு 'சூப்பர் பாண்டரோசா'ன்னு பேர் வச்சார். பேர்லயே கனம் தெரியுதில்ல? அந்த மனுசன் காட்டுக்குள்ள பல படங்களை யானை மேல உக்காந்து எடுத்தவர். நமக்கு வண்டி மாடும் இல்ல, யானையும் இல்ல. நம்ம உடம்புதான் வண்டி. அப்ப உடம்புல எந்த இடம் சுமை தாங்குமோ அங்கதான் ஏத்தணும்.

வலி மட்டும்னா நான் இவ்வளவு எழுதமாட்டேன். போன வருசம் பங்குனியில மதுரைப் பக்கம் இருந்து ஒரு தம்பி வந்திருந்தார். நல்ல பையன், கேட்டுட்டுத்தான் தோட்டத்துக்குள்ள வந்தார். எங்க பகுதியில கிணறெல்லாம் பாறையை வெட்டி எறக்கினது, அம்பது அறுபது அடி ஆழம், முக்கால்வாசிக்குச் சுத்துச்சுவர் கிடையாது. கேமராவை ஒத்தைத் தோள்ல மாட்டிக்கிட்டு, கைப்போன்ல கிணத்துத் தண்ணியை எடுக்கக் குனிஞ்சார். வார் தோள்ல இருந்து வழுக்குச்சு. "ஐயோ"ன்னு அதைப் பிடிக்க ஒரு எட்டு முன்னால வச்சார். பக்கத்துல களை எடுத்துக்கிட்டு இருந்த அக்கா சட்டையைக் கொத்தாப் பிடிச்சு இழுக்கலைன்னா அன்னைக்கு என்ன ஆகியிருக்கும்னு நினைச்சா இப்பவும் வயித்தைக் கலக்குது. கேமரா கல்லுல பட்டு மேட்டுலயே கிடந்துச்சு, லென்ஸ் போச்சு. அந்தக்கா கேட்டாங்க: "சாமானு போனா வாங்கிக்கலாம், உசுரு போனா எந்தக் கடையில வாங்குவ ராசா?"

நான் சொல்ல வந்ததே இதுதான். விலை ஒசந்த பொருள் நழுவினா புத்தி யோசிக்கறதுக்கு முன்னாடியே கை போயிரும். கை போன பக்கம் உடம்பும் போகும். அதனால கேமராவை நழுவாமக் கட்டறது கேமராவுக்காக மட்டும் இல்ல, நம்ம உசுருக்காகவும்தான்.

சரி, எப்படித்தான் கொண்டு போறது?

பூணூல் மாதிரி குறுக்கால போடுங்க. வார் இடது தோள்ல, கேமரா வலது இடுப்புக்குப் பக்கத்துல, லென்ஸ் தரையைப் பாத்து. இடுப்புல கிடக்கறது எடுக்கவும் சுலபம், குனிஞ்சாலும் முகத்துக்கு முன்னால வந்து ஆடாது, தலை வழியாப் போட்டதால தோள்ல இருந்து வழுக்காது. ஸ்லிங் ஸ்ட்ராப்னு கடையில விக்கறது இதுதான். வார் ரெண்டு இஞ்ச் அகலமாவது இருக்கட்டும். நான் காரோட சீட் பெல்ட் வாரை வாங்கி, பை தைக்கிறவர்கிட்டக் கொடுத்துத் தச்சுக்கிட்டேன். வேர்வையில தோள் அரிச்சா கீழ ஒரு பருத்தித் துண்டு மடிச்சுப் போடுங்க. அது தோளுக்குச் சும்மாடு.

பெரிய லென்ஸா இருந்தா வாரைக் கேமராவுல மாட்டாதீங்க. லென்ஸுக்கு அடியில முக்காலியில வைக்கறதுக்குன்னு ஒரு கால் இருக்குமே, அதுல மாட்டுங்க. கனம் எங்க இருக்கோ அங்க பிடிக்கணும். கையில தூக்கறப்பவும் அப்படித்தான். இல்லைன்னா லென்ஸோட பாரமெல்லாம் கேமராவும் லென்ஸும் சேர்ற வாய்ப்பக்கம் போய் இறங்கும்.

அடுத்தது ரெண்டாவது கட்டு. மாட்டுக்கு மூக்கணாங்கயிறும் உண்டு, கழுத்துக் கயிறும் உண்டு. ஒண்ணு அறுந்தா இன்னொண்ணு பிடிக்கும். ஸ்லிங் ஸ்ட்ராப்ல பல ரகம் அடியில ஒத்தைத் திருகாணியில நிக்குது. நடக்க நடக்க ஆடி அது தளரும். நிக்கிற இடத்துலயெல்லாம் விரல் வச்சு இறுக்கிப் பாக்கணும். கூடவே கேமரா ஓரத்துல இருக்கற வளையத்துல இருந்து வாருக்குத் தனியா ஒரு மெல்லிசு நைலான் கயிறு கட்டி வைங்க. வார் நுனியைப் பக்கிளுக்குள்ள இன்னொரு தடவை திருப்பிக் கோத்துவிட்டா உருவிக்கிட்டு வராது. வார் நூல் பிரிஞ்சிருக்கான்னு மாசத்துக்கு ஒரு தடவை பாருங்க. எங்க திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல புவிசார் குறியீடு கிடைச்சுது. பூட்டு ஊர்க்காரன் சொல்றேன், பாதுகாப்பு விஷயத்துல ஒத்தைப் பிடிமானத்தை நம்பக்கூடாது.

குறுக்கால போட்டாலும் ஓடறப்ப இடுப்புல ஆடுமேன்னு கேப்பீங்க. ஆடத்தான் செய்யும். அதுக்கு ஒரு துண்டு போதும். மலைக்கோட்டைப் பாறைப் படியில ஏறி இறங்கறப்பவும், ஓடையைத் தாண்டறப்பவும் கேமராவைப் பின்னிடுப்புக்குத் தள்ளி, மேல துண்டைச் சுத்தி இறுக்கி முடிஞ்சிருங்க. ரெண்டு கையும் சும்மா இருக்கணும். விழறப்ப ஊணறதுக்குக் கை வேணும்.

கூட்டத்துல வேற கணக்கு. ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்லயோ திண்டுக்கல் பூ மார்க்கெட்லயோ மூட்டை தூக்கிட்டு வர்றவருக்கு உங்க முதுகுப் பை தெரியாது. அவர் தலையில இருக்கற கனத்துக்கு நின்னு விலகவும் முடியாது. நீங்கதான் பையை முன்னால மாத்திப் போட்டுக்கிட்டு ஓரமா ஒதுங்கணும். ஜிப்பும் கண்ணு முன்னால இருக்கும், திருட்டுப் பயமும் இல்ல.

ஜல்லிக்கட்டுல தொங்கற வார், ஆடற நுனி எதுவும் வேண்டாம். தடுப்புக் கம்பியில சிக்கினாலே போதும், நகர முடியாது. வாரைச் சுருக்கி உடம்போட ஒட்டி வச்சுக்கிட்டு மேடையில நின்னு எடுங்க. மாடு வெளியேறிப் போய்ச் சேர்ற இடத்துல நல்ல படம் கிடைக்கும்னு அங்க போய் நிக்காதீங்க. அங்கதான் மாடு எந்தப் பக்கம் திரும்பும்னு மாட்டுக்காரருக்கே தெரியாது.

பைக்ல வர்றவங்க கேமராவைக் கழுத்துல போட்டுக்கிட்டு ஓட்டவே ஓட்டாதீங்க. பின் கேரியர்ல கட்டினா நம்ம ரோட்டுக் குலுக்கல் மொத்தமும் லென்ஸுக்குப் போகும். மெத்தை வச்ச பையில போட்டு முதுகுல மாட்டிக்கிட்டா குலுக்கலை நம்ம உடம்பு வாங்கிக்கும். ஆடி மாசக் காத்துல வந்தா புழுதி, ஐப்பசியில வந்தா மழை. மடிச்ச பிளாஸ்டிக் பை ஒண்ணு எப்பவும் பாக்கெட்ல இருக்கட்டும்.

எல்லாத்தையும் பைக்குள்ளயே பூட்டி வச்சா பத்திரம்தானேன்னு சொல்றவங்களும் உண்டு. பத்திரம்தான். ஆனா மைனா எருமை மேல உக்காந்திருக்கற நேரம் ஜிப் திறக்கற நேரத்தை விடக் கம்மி. நடக்கறப்ப இடுப்புல, ஏறி இறங்கறப்ப துண்டுக்குள்ள, வண்டியிலயும் மழையிலயும் பைக்குள்ளன்னு வச்சுக்கிட்டா ரெண்டும் நடக்கும்.

இன்னொரு சங்கதியும் இதுல இருக்கு. நெஞ்சுல கேமராவை நிமித்தி வச்சுக்கிட்டு வர்றவரைப் பாத்தா எங்க பொம்பளைங்க முந்தானையை இழுத்துவிட்டுக்கிட்டு மறைவாப் போயிருவாங்க. உங்க முகத்துக்கு முன்னாடி லென்ஸ்தான் அவங்க கண்ணுல படுது. இடுப்புப் பக்கம் தள்ளிப் போட்டுக்கிட்டு வந்து, "என்னக்கா, கடலை எப்படி விளைஞ்சிருக்கு?"ன்னு ரெண்டு வார்த்தை பேசுங்க. அப்புறம் ஒரு படம் எடுத்துக்கலாமான்னு கேளுங்க. அவங்களே சிரிச்சுக்கிட்டு நிப்பாங்க.

கிளம்பறதுக்கு முன்னாடி வீட்டுலயே ஒரு சோதனை பண்ணிப் பாருங்க. கட்டில் மேல மெத்தை பக்கத்துல நின்னு, கேமராவை மாட்டிக்கிட்டுக் கால் கட்டைவிரலைத் தொடற அளவுக்குக் குனியுங்க. ரெண்டு தடவை குதியுங்க. பக்கவாட்டுல சாயுங்க. அப்ப உங்க கை தன்னால கேமராவைப் பிடிக்கப் போச்சுன்னா உங்க கட்டு சரியில்லன்னு அர்த்தம், மறுபடி கட்டுங்க. கை சும்மா இருந்துச்சுன்னா தாராளமாப் பஸ் ஏறுங்க. தோட்டத்துல இளநீர் இருக்கு. கிணத்துப் பக்கம் மட்டும் நான் கூட வராமப் போகாதீங்க.