பாலம் இடிந்த பின்னர்தான் பணம் வருமா?

2006 செப்டெம்பர் 30 அன்று, மொன்றியலின் வடக்கே லாவால் நகரிலுள்ள டி லா கொன்கோர்ட் மேம்பாலத்தின் ஒரு பகுதி திடீரென இடிந்து வீழ்ந்தது. ஐவர் உயிரிழந்தனர், அறுவர் காயமடைந்தனர். அங்கு போருமில்லை, நிலநடுக்கமுமில்லை. வடிவமைப்பிலும் கட்டுமானத்திலும் நேர்ந்த குறைகளும் பராமரிப்புக் குறைபாடும் சேர்ந்தே 1970-இல் கட்டப்பட்ட அந்த மேம்பாலத்தை வீழ்த்தின என, கியூபெக்கின் முன்னாள் முதலமைச்சர் பியர் மார்க் ஜோன்சன் தலைமையிலான விசாரணை ஆணைக்குழு 2007-இல் அறிக்கையிட்டது. பாலங்களைச் சீரமைக்க ஆண்டுக்குக் குறைந்தது 500 மில்லியன் டொலர் வீதம் பத்து ஆண்டுகளுக்கு ஒதுக்க வேண்டுமென்றும் அது பரிந்துரைத்தது.

1962-இல் திறக்கப்பட்ட சாம்பிளேன் பாலத்தின் கதையும் இத்தகையதே. பனிக்காலத்தில் வீதியில் தூவப்படும் உப்பு, நீருடன் கசிந்து அதன் விட்டங்களை அரித்தது. 2013 நவம்பரில் ஒரு விட்டத்தில் வெடிப்புப் பெரிதாக, 75 தொன் எடையுள்ள உருக்கு விட்டமொன்றை அவசரமாகப் பொருத்த நேர்ந்தது. இறுதியில், ஏறத்தாழ 4.2 பில்லியன் டொலர் செலவில் புதிய பாலம் அமைக்கப்பட்டு, 2019-இல் திறக்கப்பட்டது.

அப்பாலத்தின் செலவை யார் ஏற்பது என்பதே அன்று அரசியல் விவாதமாகியது. பயணிப்போர் கட்டணம் செலுத்த வேண்டுமென்றது ஹார்ப்பர் அரசு. 2015-இல் ஆட்சிக்கு வந்த ட்ரூடோ அரசு அக்கட்டணத்தைக் கைவிட்டது. மக்கள் மகிழ்ந்தனர். ஆயினும், கட்டணமில்லாப் பாலம் செலவில்லாப் பாலமாகிவிடாது. அச்செலவு பொது வரிப்பணத்தின் மீது ஏறுகிறது. எரிபொருள் வரியோ, மின்வாகனங்கள் பெருகப் பெருகக் குறைந்தே செல்லும்.

புதிய பாலத்தைத் திறந்துவைக்கும் அமைச்சருக்குப் புகைப்படம் கிடைக்கிறது. பழைய பாலத்தின் வெடிப்பை அடைப்பவருக்கு எதுவும் கிடைப்பதில்லை. எனவேதான் பராமரிப்பு நிதி ஒவ்வொரு வரவுசெலவுத் திட்டத்திலும் பின்தள்ளப்படுகிறது. இதற்குத் தீர்வு, ஆட்சி மாறினாலும் மாறாதவாறு சட்டத்தால் காக்கப்பட்ட நீண்டகாலப் பராமரிப்பு நிதியமே ஆகும்.

மருத்துவமனைகளுக்கும் பாடசாலைகளுக்கும் பணம் தேவைப்படுகையில் பாலங்களுக்கு நிதியைக் கட்டிவைப்பது முறையா என்று கேட்போர் உளர். அக்கேள்வி நியாயமானதே. ஆனால், இன்று ஒத்திவைக்கப்படும் திருத்தவேலை நாளை பன்மடங்கு செலவாகத் திரும்பி வந்து, அதே மருத்துவமனையின் பணத்தையே விழுங்கும்.

மாரிக்கு முன்னரே குளக்கட்டைப் பலப்படுத்தும் ஊர்களிலிருந்து வந்தவர்கள் புலம்பெயர் தமிழ்ப் பெற்றோர். கட்டு உடைந்த பின்னர் மண்வெட்டி தேடுவதில் பயனில்லை என்பதை அவர்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. மொன்றியல் ஒரு தீவு. பாலமின்றி அந்நகருக்கு வாழ்வில்லை. தேர்தற் காலத்தில் வாக்குக் கேட்டு வாசலுக்கு வரும் வேட்பாளரிடம், "எந்தப் பாலத்தைக் கட்டுவீர்கள்?" என்று கேட்பதைவிட, "இருக்கும் பாலங்களைக் காக்க ஆண்டுதோறும் எவ்வளவு ஒதுக்குவீர்கள்?" என்று கேட்பதே பொருத்தமானது. பெற்றோர் இதனைத் தமிழிற் சிந்திக்கட்டும். இளையோர் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் உரக்கக் கேட்கட்டும். அப்பாலங்களில் இன்னும் அரை நூற்றாண்டு பயணிக்கப் போகிறவர்கள் அவர்களே.