‘மாண்டரின் பேசுவீர்களா?’ - நான் திருப்பிக் கேட்காத கேள்வி

பலதுறைத் தொழிற்கல்லூரியில் இறுதித் தேர்வு முடிந்த இரண்டாவது வாரம், ஒரு சிறு நிறுவனத்தில் நிர்வாக உதவியாளர் வேலைக்கான நேர்முகத் தேர்வுக்குச் சென்றேன். முதல் அரைமணி நேரம் நன்றாகவே போனது. ஒரு விலைப்பட்டியலை எக்செல்லில் வரிசைப்படுத்தச் சொன்னார்கள். ஒரே நேரத்தில் இருவர் சந்திப்பு அறையைக் கேட்டால் என்ன செய்வேன் என்று கேட்டார்கள். கோபமாகப் பேசும் வாடிக்கையாளரைத் தொலைபேசியில் எப்படிச் சமாளிப்பேன் என்றும் கேட்டார்கள்.

கடைசியில் மேலாளர், “மாண்டரின் பேசுவீர்களா?” என்றார்.

“இல்லை, மன்னிக்கவும்,” என்றேன்.

அவர் தலையசைத்து ஏதோ குறித்துக்கொண்டார். அதன் பிறகு அதிகம் கேட்கவில்லை. ஒரு வாரம் கழித்து, வேறொருவரைத் தேர்ந்தெடுத்துவிட்டதாக மின்னஞ்சல் வந்தது. நடந்ததை வீட்டில் சொன்னபோது அம்மா கேட்டார்: “தெரியாததைத் தெரியாதுன்னு சொன்னதுக்கு நீ எதுக்கு மன்னிப்புக் கேட்ட?”

அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் சட்டத்தைப் படிக்கத் தொடங்கினேன்.

சட்டம் சொல்வது என்ன?

வேலையிட நியாயத்தன்மைச் சட்டத்தின் முதல் மசோதா 2025 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. புகார்களை எப்படித் தீர்ப்பது என்பதைப் பற்றிய இரண்டாவது மசோதா அதே ஆண்டு நவம்பரில் நிறைவேறியது. 2027ஆம் ஆண்டின் இறுதியில் சட்டம் நடப்புக்கு வரும் என்று மனிதவள அமைச்சு தெரிவித்துள்ளது.

வயது, குடியுரிமை, பாலினம், திருமண நிலை, கர்ப்பம், குடும்பத்தினரைப் பராமரிக்கும் பொறுப்பு, இனம், சமயம், மொழித்திறன், உடற்குறை, மனநலம் ஆகியவற்றைக் காரணம் காட்டி ஒருவருக்குப் பாதகமான முடிவெடுப்பதை இது தடுக்கிறது. வேலைக்கு ஆள் எடுப்பதில் தொடங்கி, பதவி உயர்வு, பணிநீக்கம் வரை இது பொருந்தும். ஆகவே, இன்னும் வேலையில் சேராத நம்மைப் போன்றவர்களுக்கும் இதில் இடமுண்டு.

பட்டியலில் மொழித்திறன் இருப்பதைக் கவனியுங்கள். சிங்கப்பூரில் மொழியைப் பற்றிய கேள்வி சில நேரம் இனத்தைப் பற்றிய கேள்வியாகவும் அமைந்துவிடுகிறது. “எங்கள் இனத்தவர்தான் வேண்டும்” என்று யாரும் இன்று விளம்பரம் செய்ய முடியாது. ஆனால், தேவையே இல்லாமல் ஒரு மொழியைக் கேட்டால் கிட்டத்தட்ட அதே விளைவுதான் ஏற்படும்.

கேள்வியே தவறா?

இல்லை. இதை நாம் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். வேலைக்கு உண்மையிலேயே அந்த மொழி தேவைப்பட்டால் முதலாளி அதைக் கேட்கலாம். நியாயமான வேலை நடைமுறைகள் குறித்த முத்தரப்பு வழிகாட்டிக் குறிப்புகளும், ஒரு மொழி தேவையென்றால் அதற்கான காரணத்தைக் கூற வேண்டும் என்கின்றன. மாண்டரின் மட்டுமே பேசும் சுற்றுப்பயணிகளை அழைத்துச் செல்லும் வழிகாட்டிக்கு அந்த மொழி தெரிந்திருக்க வேண்டும்தானே?

நமக்கும் இதே அளவுகோல்தான். தமிழ் பேசும் ஊழியர்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சி நடத்துபவருக்குத் தமிழ் தெரிய வேண்டும் என்று ஒரு நிறுவனம் கேட்டால் அது நியாயம். கணக்கு எழுதும் அறையில் எல்லாரும் தமிழில் பேசிக்கொள்வதால் தமிழர்தான் வேண்டும் என்றால் அது நியாயமில்லை.

நான் சென்ற நிறுவனத்தின் விளம்பரத்தில் மொழியைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. அந்த மொழி எதற்குத் தேவை என்று மேலாளரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. உண்மையான காரணம் இருந்திருக்கலாம். இல்லாமலும் இருந்திருக்கலாம். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். அந்த எக்செல் பயிற்சியில் ஒரு கூட்டுத்தொகையைத் தவறாகப் போட்டிருந்தேன். வேலை கிடைக்காததற்கு மொழி காரணமா, கூட்டுத்தொகை காரணமா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

சட்டத்தின் முன்னால் இருக்கும் பெரிய சிக்கலும் இதுதான். பணியில் இருப்பவருக்குச் சம்பளச் சீட்டு, மதிப்பீட்டு அறிக்கை என்று ஏதாவது ஆதாரம் இருக்கும். நேர்முகத் தேர்வுக்குச் சென்றவரின் கையில் இருப்பது பெரும்பாலும் இரண்டு வரி மின்னஞ்சல் மட்டுமே.

சட்டம் எட்டாத இடம்

25 பேருக்கும் குறைவான ஊழியர்கள் உள்ள நிறுவனங்களுக்கு இச்சட்டத்திலிருந்து முதல் ஐந்து ஆண்டுகளுக்கு விலக்கு உண்டு. பிறகு அந்த விலக்கு மறுஆய்வு செய்யப்படும். சிறு நிறுவனங்களில் மனிதவளப் பிரிவு என்று தனியாக ஒன்று இருப்பதில்லை. அவற்றுக்குத் தயாராக அவகாசம் தேவை என்ற வாதம் புரிகிறது. ஆனால், அனுபவம் இல்லாத இளையர்களுக்கு முதல் வாய்ப்பு தருபவை பல நேரங்களில் அந்தச் சிறு நிறுவனங்கள்தாம். நான் சென்ற அலுவலகத்தில் பதினைந்து மேசைகள்கூட இல்லை. 2027க்குப் பிறகு சென்றிருந்தாலும் இந்தச் சட்டம் எனக்குத் துணைக்கு வந்திருக்காது.

அதற்காகச் சிறு நிறுவனங்கள் விருப்பம்போல் நடக்கலாம் என்று பொருளில்லை. முத்தரப்பு வழிகாட்டிக் குறிப்புகள் அவற்றுக்கும் பொருந்தும். 2006ல் அமைக்கப்பட்ட, ‘டஃபெப்’ எனப்படும் முத்தரப்புக் கூட்டணியிடம் இன்றும் முறையிடலாம். சட்டம் நடப்புக்கு வந்ததும் அதன்கீழ் வரும் புகார்கள் முதலில் சமரசப் பேச்சுக்குச் செல்லும். அங்கு தீராதவை வேலைக் கோரிக்கைகளுக்கான நடுவர் மன்றத்துக்குப் போகலாம்.

நாம் செய்யக்கூடியது

நிர்வாக வேலைக்கு விண்ணப்பிக்கும் நண்பர்களுக்கு என் அனுபவத்தில் சொல்வது இவைதாம்.

விளம்பரத்தைப் படம்பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். ஆள் எடுத்ததும் அது இணையத்திலிருந்து நீக்கப்பட்டுவிடும். நேர்முகத் தேர்வு முடிந்து எம்ஆர்டியில் திரும்பும்போதே, யார் என்ன கேட்டார்கள், நீங்கள் என்ன சொன்னீர்கள் என்பதைக் கைப்பேசியில் குறித்துவிடுங்கள். புகார் செய்யும் எண்ணம் இல்லாவிட்டாலும் அடுத்த தேர்வுக்குத் தயாராக அந்தக் குறிப்பு உதவும்.

மொழியைப் பற்றிக் கேட்டால் மன்னிப்புக் கேட்காதீர்கள், சண்டைக்கும் போகாதீர்கள். “இந்த வேலையில் எந்தப் பகுதிக்கு அது தேவைப்படும்?” என்று பணிவாகக் கேளுங்கள்.

இரண்டாவது நேர்முகத் தேர்வில் நான் அப்படித்தான் கேட்டேன். அந்த அதிகாரி சற்றும் தயங்காமல் விளக்கினார். சீனாவில் இருக்கும் விநியோகிப்பாளர்களிடம் நாள்தோறும் தொலைபேசியில் பேசி, சரக்கு வரும் தேதியை உறுதிசெய்ய வேண்டுமாம். அந்த வேலையை என்னால் செய்ய முடியாது என்பது எனக்கே புரிந்தது. அவருக்கு நன்றி சொல்லிவிட்டு வந்தேன். அந்த வேலையும் கிடைக்கவில்லை. ஆனால், ஏன் கிடைக்கவில்லை என்பது இம்முறை தெரிந்திருந்தது. முதல் முறைபோல் ஒரு வாரம் தூக்கம் கெடவில்லை.

இன்னும் வேலை தேடிக்கொண்டிருக்கிறேன். எக்செல்லில் கூட்டுத்தொகை போடவும் பழகிக்கொண்டிருக்கிறேன்.