தோல் நோயும் நம் நாணமும்

நீரிழிவு என்றும் இரத்த அழுத்தம் என்றும் தத்தம் நோய்களை நம்மவர் கல்யாண வீட்டிலும் கோயில் வீதியிலும் கூசாது எடுத்துரைப்பர். தோலில் ஒரு தடிப்போ வெண்மையோ தோன்றினால், அதனை மட்டும் முழுக்கைச் சட்டையுள் மறைப்பர். இவை அருமையாய் வரும் நோய்களா எனின், அல்ல. உலகில் ஏறக்குறைய 180 கோடி மக்கள் ஏதேனுமொரு தோல் நோய் உடையர் என உலக சுகாதார நிறுவனம் கணித்துள்ளது. வெயிலும் வியர்வையும் மிகுந்த நம் நாட்டில் இவற்றை அறியாத ஊரும் இல்லை, வகுப்பறையும் இல்லை. இந்நோய்களைப் பெருக்குவதில் கிருமிக்கு உற்ற துணையாய் நிற்பது நம் நாணமே என்பது எமது துணிபு.

சொறிசிரங்கை முதலில் எடுத்துக்கொள்வோம். கண்ணுக்கு எளிதில் புலப்படாத சிற்றுயிர் ஒன்று தோலைத் துளைத்து முட்டையிடுவதால் வருவது இது. விரலிடுக்கிலும் மணிக்கட்டிலும் இடுப்பிலும் தோன்றி, இரவில் உறக்கத்தைக் கெடுக்கும். முதன்முறை தொற்றியவருக்கு அரிப்புத் தொடங்க 4 முதல் 6 வாரங்கள் செல்லும். அதற்கிடையில் வீட்டார்க்கும் அது பரவிவிடும். ஆதலின் வீட்டிலுள்ளோர் அனைவரும் ஒரே நாளில் மருந்து பூசிக்கொள்ளல் வேண்டும். பிள்ளைக்கு மட்டும் ஒளித்துப் பூசினால் நோய் மீண்டும் வரும். சொறிந்த புண்ணிற் கிருமி புகுந்தால் சிறுநீரகமும் பழுதுபடலாம்.

படர்தாமரைக்கு நாம் செய்யும் பிழை வேறு. வைத்தியரிடம் காட்ட வெட்கி, மருந்துக்கடையில் ஏதோ ஒரு களிம்பை வாங்குகின்றோம். அதில் ஸ்டீரோயிட் கலந்திருப்பின் அரிப்பும் சிவப்பும் சில நாளில் தணியும். பூஞ்சணமோ அடியில் தழைத்துப் படரும். நோயின் உருவமும் மாறிவிடுவதால், பின்னர் வைத்தியரும் அதனை அடையாளங்காண இடர்ப்படுவர்.

வெண்புள்ளியின் கதை இன்னும் இரங்கத்தக்கது. தோலுக்கு நிறந்தரும் கலங்கள் அழிவதால் வருவது அது, எவரையும் தொற்றாது. அதற்கு ‘வெண்குட்டம்’ என்று பெயரிட்டு, தொடர்பே இல்லாத தொழுநோயோடு பிணைத்துவிட்டோம். அப்பெயரால் நின்றுபோன திருமணங்கள் எத்தனை! அச்சொல்லை நம் நாவினின்றும் நீக்குதல் நன்று.

தொழுநோயை எண்ணியும் இன்று அஞ்சவேண்டுவதில்லை. ஒல்லாந்தர் 1708இல் ஹெந்தளையில் தொழுநோயாளர்க்கென ஒரு மனை அமைத்தனர். பின்னர் மட்டக்களப்பு வாவியிலுள்ள மாந்தீவிலும் நோயாளர் ஒதுக்கி வைக்கப்பட்டனர். மருந்தில்லாத காலத்து வழக்கம் அது. 1983 முதல் கூட்டு மருந்துச் சிகிச்சை இலங்கையில் நடைமுறையில் உள்ளது. அரசாங்க வைத்தியசாலைகளில் இலவசமாய்க் கிடைக்கும் அம்மருந்தை நோயின் வகைக்கேற்ப 6 மாதமோ 12 மாதமோ உண்டால் நோய் தீரும்; உண்ணத் தொடங்கிய சின்னாளிலேயே பிறர்க்குத் தொற்றும் தன்மையும் அற்றுப்போம். 1995இல் இந்நாடு தேசிய அளவில் ஒழிப்பு இலக்கை எய்தியது. எனினும் அதன் பின்னரும் ஆண்டுதோறும் புதிய நோயாளர் கண்டறியப்பட்டு வருகின்றனர். அவருட் சிறுவரும் உளர். உணர்ச்சியற்ற வெளிறிய தழும்பைக் காலத்தே காட்டியவர் ஊனமின்றிப் பிழைப்பர். மறைத்தவர் விரலை இழப்பர். மருந்து இருந்தும் விரலை இழப்பது நாணத்துக்கு நாம் இறுக்கும் வரியன்றோ?

இங்கே கல்லூரிக்கு ஒரு கடமை உண்டு. சொறியும் மாணவனை வகுப்பின் முன் எழுப்பி நிறுத்தும் ஆசிரியர், ஏனைய மாணவர்க்கு ஒளிக்கும் வித்தையையே கற்பிக்கின்றார். அவனைத் தனியே அழைத்து, பெற்றோர்க்கு ஒரு கடிதம் எழுதி, வைத்தியசாலைக்கு வழிகாட்டுதலே முறை. பட்டப்பெயர் சூட்டி நகைக்கும் மாணவர்க்கும் ஒன்று கூறுவோம்: நாளை அதே தடிப்பு உம் கையிலும் தோன்றலாம்.

பழைய மாணவருள் வைத்தியராய் விளங்குவோர் பலர். அவர் ஆண்டுக்கொரு நாள் கல்லூரிக்கு வந்து, மாணவரின் தோலைப் பரிசோதித்து, அஞ்சற்க எனச் சொல்லிச் செல்வாராயின், அதனினும் சிறந்த விழாக் காணிக்கை பிறிதொன்றுண்டோ? கல்வி நீக்கவேண்டிய இருள்களுள் இவ்வீண் நாணமும் ஒன்று.